பேசினவர்கள் பட்டியலில் பேச முடியாதவன் பெயர்

என் வகுப்பில் ஒரு பையனை மற்ற பிள்ளைகள் நாலரை மாதம் போட்டு வதைத்தார்கள். வகுப்பாசிரியர் நான். அதைத் தொடங்கி வைத்ததும் நான்தான் என்பது எல்லாம் வெடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. 19 வருஷ சர்வீஸ். பிரம்பு எடுக்காத வாத்தியார், பிள்ளைகளோடு சிரித்துப் பேசுகிற வாத்தியார் என்று ஊரில் பெயர். அந்தச் சிரிப்பில்தான் வினையே இருந்தது. விஷயம் கைமீறிய அந்த நாட்களில் எதை முதலில் செய்ய வேண்டும் என்று சொல்லித்தர ஒரு ஆள் கிடைக்கவில்லை. ஹெச்.எம். "ஊதிப் பெருசாக்காதீங்க சார்" என்றார். நான் நுழைந்தால் ஸ்டாஃப் ரூமில் பேச்சு நின்றுவிடும். வீட்டில் சொல்ல வெட்கம். ராத்திரி இரண்டு மணிக்கு முற்றத்தில் உட்கார்ந்துகொண்டு, இப்படி மாட்டின வேறொரு வாத்தியார் எங்கேயாவது எழுதி வைத்திருக்க மாட்டாரா என்று நினைத்திருக்கிறேன். அதனால் இதை எழுதுகிறேன். பிள்ளைகளின் பெயர், அடையாளம் எல்லாம் மாற்றியாச்சு.

கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் தாலுகாவில், கடற்கரையிலிருந்து எட்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிற நடுநிலைப் பள்ளி. ஒரு பக்கம் ரப்பர், இன்னொரு பக்கம் அண்டி ஆபீஸ், அதாவது முந்திரித் தொழிற்சாலை. 2023 ஜூனில் என் ஏழாம் வகுப்பில் 34 பிள்ளைகள். அதில் புதிதாகச் சேர்ந்தவன் ஜெபின் என்று வைத்துக்கொள்வோம். கடல்புறத்துப் பையன். அப்பா கொச்சிப் பக்கம் விசைப்படகில் தங்கல் தொழிலுக்குப் போகிறவர், போனால் முப்பது நாற்பது நாள் கழித்துத்தான் கரை. அம்மாவுக்கு அண்டி ஆபீஸில் வேலை கிடைத்ததால் இந்தப் பக்கம் வாடகைக்கு வந்திருந்தார்கள். பையன் ஒல்லி. கணக்கில் கெட்டி. கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். திக்குவாய்.

வருகைப் பதிவுக்கு எங்கள் பள்ளியில் "பிரசன்ட் சார்" தான். அந்த முதல் எழுத்து ஜெபினுக்கு வராது. உதடு ஒட்டிக்கொள்ளும், கழுத்து நரம்பு புடைக்கும், கண் இமை படபடக்கும், காற்று மட்டும் "ப்... ப்..." என்று வந்துகொண்டிருக்கும். ஜூலை மாதம் ஒரு மழைநாள். கல்வித் துறையின் எமிஸ் ஆப்பில் வருகையை ஏற்ற வேண்டும், நெட் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அந்த எரிச்சல் வேறு. பேனாவை ரிஜிஸ்டரில் குத்தியபடி காத்திருந்தேன். "என்ன மக்கா, எத்தனை தடவை கிக்கர் அடிச்சாலும் வண்டி ஸ்டார்ட் ஆவலியே" என்றேன். வகுப்பு கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். ஜெபினும் சிரித்தான். அவனே சிரிக்கிறான், அப்புறம் என்ன என்று அடுத்த பெயருக்குப் போய்விட்டேன். கேலிக்கு ஆளான பிள்ளை சிரித்தால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சுற்றி 33 பேர் சிரிக்கும்போது அவனுக்கு இருக்கிற ஒரே மறைப்பு அதுதான், அழுதால் இன்னும் மாட்டுவான். அன்று மத்தியானத்துக்குள் அவனுக்கு 'கிக்கர்' என்று பெயர் விழுந்துவிட்டது. பிள்ளைகள் வைக்கிற பட்டப்பெயர் பத்து நாளில் மாறிப்போகும். இது வாத்தியார் வைத்தது, நிலைத்துவிட்டது.

எனக்குக் காலையில் ஒரு பழக்கம் இருந்தது. பிரேயர் முடிந்து பிள்ளைகள் ஒன்பது பத்துக்கு வகுப்புக்குப் போவார்கள். நான் ஆபீஸ் ரூமில் ஒரு சாயா குடித்து, கையெழுத்துப் போட்டு, ஒன்பது இருபத்தைந்துக்குத்தான் நுழைவேன். அந்தப் பதினைந்து நிமிஷம் வகுப்பை லீடர் பார்த்துக்கொள்வான். முதல் ரேங்க் பையன், எந்த வேலை சொன்னாலும் ஓடுவான், எல்லா வாத்தியார்களுக்கும் செல்லம். பேசுகிறவர்கள் பெயரை அவன் கரும்பலகையில் எழுதுவான், நான் வந்ததும் அவர்கள் எழுந்து நிற்க வேண்டும். நாமெல்லாம் படித்த காலத்திலிருந்து இருக்கிற முறைதானே என்று நினைத்தேன். ஆகஸ்டிலிருந்து தினமும் அந்தப் பட்டியலில் முதல் பெயர் ஜெபின். தினமும் நிற்க வைத்தேன். "அமைதியான பையன்னு நெனச்சா இவனும் பேசுகானே" என்று ஒருநாள் சொன்னதாகக்கூட ஓர்மை இருக்கிறது. உண்மையில் நடந்தது என்னவென்றால், வகுப்புக்குள் வந்த கையோடு லீடர் ஜெபின் பெயரை எழுதிவிடுவான். "உனக்க பேரைத் திக்காம சொல்லு, அழிக்கேன்" என்பான். திக்குவாய் உள்ள நிறையப் பேருக்குச் சொந்தப் பெயரைச் சொல்வதுதான் மிகக் கஷ்டம் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். மற்ற சொல் மாட்டினால் அதே அர்த்தத்தில் வேறொன்றைப் போட்டுச் சமாளிக்கலாம், பெயருக்கு மாற்று ஏது? அவன் முயற்சி செய்வான். வகுப்பு சேர்ந்து எண்ணும். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று சில நாள் இருபது வரை போகுமாம். என் செருப்புச் சத்தம் கேட்டதும் எல்லோரும் அடங்கிவிடுவார்கள். பேசவே பாடுபடுகிற ஒருவன் பெயரைப் பேசினவர்கள் பட்டியலில் மாதக்கணக்காகப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

அதே ஆகஸ்டில்தான் நாங்குநேரி நடந்தது. பிளஸ் டூ படித்த ஒரு தலித் மாணவனைக் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள், தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. ஆரல்வாய்மொழி தாண்டி, வள்ளியூர் தாண்டினால் நாங்குநேரி. எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒரு வாரம் அதே பேச்சு. "நம்ம மாவட்டத்துல படிப்பு உண்டு, இங்க இப்பிடி வராது" என்று நானே அழுத்திச் சொல்லியிருக்கிறேன். மேலே, என் வகுப்பில், மத்தியானம் ஜெபின் டிபன் பாக்ஸைத் திறந்தால் பக்கத்தில் இருக்கிறவன் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போவான். மத்திக் கறி இந்த ஊரில் யார் வீட்டில் இல்லை? அவன் கொண்டுவந்தால் மட்டும் நாற்றம். திக்குவாய் மேலே தெரிந்த சாக்கு, அடியில் ஊரும் தொழிலும் சாதியும் கிடந்தன. பிள்ளைகளிடம் கேட்டால் இந்த இரண்டாவது காரணத்தைச் சொல்லவே மாட்டார்கள், அவர்களுக்கே தெரியாது, வீட்டில் பேசுவதை அப்படியே கொண்டுவருகிறார்கள்.

அறிகுறிகள் கண்முன்னாலேயே இருந்தன. மாதத்துக்கு ஆறேழு நாள் லீவு, எல்லாம் வயிற்று நோவு, பெரும்பாலும் திங்கட்கிழமை. பேனா தினமும் தொலையும். கணக்கு நோட்டில் நடுப்பக்கம் கிழிந்திருக்கும். இன்டர்வெல்லில் டாய்லெட்டுக்குப் போகமாட்டான், பாடம் நடக்கும்போது விரலைக் காட்டுவான், "இப்பத்தானே மணி அடிச்சுது, அப்ப என்ன பண்ணின?" என்று திட்டு வாங்குவான். தனித்தனியாகப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது அக்கறையில்லாத ஒரு பையன். இதையெல்லாம் ஒரே தாளில் தேதி போட்டு எழுதிப் பார்த்திருந்தால் வேறு கதை தெரிந்திருக்கும். ஒரு பிள்ளை இன்டர்வெல்லைத் தவிர்த்துவிட்டு வகுப்பு நேரத்திலேயே தொடர்ந்து டாய்லெட் கேட்டால், திட்டுவதற்கு முன்னால் அடுத்த இன்டர்வெல்லில் நீங்களே அந்தப் பக்கம் போய் ஐந்து நிமிஷம் நில்லுங்கள்.

அக்டோபரில் ஒரு பெண் பிள்ளை நோட்டுத் திருத்த வந்தவள், குரலைத் தாழ்த்தி, "சார், ஜெபின் பாத்ரூமுக்குப் பின்னால நின்னு கரையுகான். எல்லாரும் அவனைக் கிக்கர்னு கூப்பிடுகாங்க" என்றாள். கரைவது என்றால் எங்கள் பக்கம் அழுவது. இதற்குப் பிறகு நான் செய்ததுதான் மொத்தக் கதையிலும் பெரிய தப்பு, தொடக்கத்தில் அடித்த ஜோக்கைவிடப் பெரியது. நேரே வகுப்புக்குப் போனேன். ஜெபினையும் லீடரையும் முன்னால் கூப்பிட்டேன். "கேலி பண்ணுனியா?" "விளையாட்டுக்கு சார்." ஜெபினைப் பார்த்து, "அப்பிடியா? நீ சொல்லு" என்றேன். திக்குவாய்ப் பையனிடம், அத்தனை பேர் முன்னால், வாயைத் திறந்து சாட்சி சொல்லச் சொல்கிறேன். அவன் தலையை ஆட்டினான், ஆமாம் என்றா இல்லை என்றா புரியவில்லை. "சரி, கை குடுங்க, இனிமே ஃபிரண்ட்ஸ்." கொடுத்தார்கள். வகுப்பைக் கைதட்டச் சொன்னேன். அன்று சாயங்காலம் நல்ல காரியம் பண்ணின நிம்மதியில் வீட்டுக்குப் போனேன். சொன்னது யார் என்பது மறுநாளே தெரிந்துவிட்டது, அந்தப் பெண் பிள்ளையோடும் பாதிப் பேர் பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

நார்வேயில் டான் ஓல்வியஸ் என்ற உளவியலாளர் 1970-களிலிருந்தே பள்ளிகளில் நடக்கும் இந்தக் கொடுமையை ஆராய்ந்தவர். அவர் சொல்லும் மூன்று அடையாளங்கள்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, இரண்டு பேருக்கும் பலத்தில் ஏற்றத்தாழ்வு இருப்பது. சண்டை என்றால் இரண்டு பேரும் ஏறக்குறைய சமம், பஞ்சாயத்துப் பேசிக் கை குலுக்க வைக்கலாம். இங்கே லீடர் பின்னால் வகுப்பே இருந்தது, என் நம்பிக்கையும் இருந்தது. ஜெபின் பின்னால் யாரும் இல்லை. இந்த நிலையில் கை கொடுக்கச் சொல்வது, 'நீயும் பாதித் தப்பு' என்று அவனிடமே சொல்வதற்குச் சமம். அதனால் இரண்டு தரப்பையும் ஒன்றாக உட்கார வைக்காதீர்கள். பாதிக்கப்பட்ட பிள்ளையை முதலில், தனியாக, மற்றவர்கள் கவனிக்காத ஒரு சாக்கில் கூப்பிடுங்கள். நான் இப்போது "இந்தச் சார்ட்டைத் தூக்க ஒரு ஆள் வா" என்று கூப்பிடுவேன். சொல்லக் கஷ்டப்பட்டால் எழுதித் தரச் சொல்லலாம். தகவல் கொடுத்த பிள்ளையின் பெயர் நம் வாயிலிருந்து எந்தக் காரணத்துக்கும் வரக்கூடாது. அன்று நடந்ததை அன்றே ஒரு நோட்டில் தேதி, இடம், யார் யார் நின்றார்கள், என்ன வார்த்தை சொன்னார்கள் என்று எழுதிவிடுங்கள். 'கேலி செய்தான்' என்று எழுதினால் போதாது, அந்த வார்த்தையையே எழுத வேண்டும்.

கை குலுக்கின பிறகு வகுப்பில் சத்தம் இல்லை. எனக்கு அது தீர்ந்துவிட்டது போலத் தெரிந்தது, ஆனால் அது பஸ் ஸ்டாப்புக்கும் ஃபோனுக்கும் இடம் மாறியிருந்தது. ஜெபின் திக்குவதை யாரோ அம்மா ஃபோனில் ரெக்கார்டு பண்ணி, பிள்ளைகள் ரகசியமாக வைத்திருந்த வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டிருக்கிறார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஃபோன் ஏது என்று கேட்காதீர்கள், வீட்டுக்கு வீடு அம்மா ஃபோன் ராத்திரி எட்டு மணிக்கு மேல் அவர்கள் கையில்தான்.

நவம்பர் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஜெபின் வரவில்லை. ஆப்சென்ட் போட்டேன். வயிற்று நோவாக இருக்கும் என்று அம்மாவுக்கு ஃபோன் போடவில்லை. நாலரை மணிக்கு அவர் கேட்டில் வந்து நின்றார். "சாரே, எனக்க பிள்ள எங்க?" காலையில் யூனிஃபார்ம் போட்டு, பையைத் தூக்கி, சோறு எடுத்துக்கொண்டுதான் இறங்கியிருக்கிறான். எனக்குக் கால் ஓடவில்லை. தக்கலை பஸ் ஸ்டாண்டு, ரப்பர் விளை, அவன் போகிற கோயில், பழைய வீட்டுப் பக்கம் எல்லாம் தேடினோம். ஸ்டேஷனில் சொன்னோம். வாடகைக்குக் கார் எடுத்தேன். ராத்திரி ஏழேகாலுக்கு அவர்கள் சொந்தக்காரர் ஒருவர் ஃபோன் பண்ணினார், குளச்சலில் வெற்றித் தூண் பக்கத்தில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான் என்று. 1741-ல் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரர்களைத் தோற்கடித்த கதையை வருஷா வருஷம் நான் பிள்ளைகளுக்குச் சொல்லுவேனே, அந்தத் தூண்தான். அந்த அம்மா 2017 ஒக்கி புயலில் தம்பியைக் கடலுக்குக் கொடுத்தவர். 'பையன் கடற்கரையில்' என்று கேட்டதும் காருக்குள் அவர் போட்ட சத்தத்தை நான் இங்கே எழுத முடியாது. பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. சோற்றுப் பாத்திரம் திறக்காமல் அப்படியே இருந்தது. அன்றிலிருந்து என் முதல் பீரியடில் ஒரு விதி: வராத பிள்ளையின் வீட்டுக்குப் பத்து மணிக்குள் ஃபோன் போய்விட வேண்டும். மாதத்தில் மொத்தமே ஒரு மணி நேரம்கூட ஆகாத வேலை. அந்த ஒரு ஃபோனைப் போட்டிருந்தால் அந்த அம்மாவுக்கு அன்றைய மூன்று மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

மறுநாள் அவர் என்னிடம் சத்தம் போடவில்லை. "சாரே, பிள்ள கோயில்ல கொயர்ல பாடும். ஒரு திக்கல் கிடையாது. ஒங்க கிளாசுல மட்டும் எப்பிடி ஊமையாச்சு?" என்று மட்டும் கேட்டார். பக்கத்து வீட்டில் யாரோ பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417-க்குச் சொல்ல, விசாரணை வந்தது. எப்போது தெரியும், என்ன செய்தீர்கள், எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை. 'கிக்கர்' என்ற பெயரை வைத்தது யார் என்று பிள்ளைகளிடம் எழுதி வாங்கினார்கள். பத்துப் பேருக்கு மேல் என்னைத்தான் எழுதியிருந்தார்கள். அந்தத் தாள்களைக் கையில் வாங்கியபோதுதான் ஜூலை மழைநாள் திரும்ப வந்தது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மன ரீதியான துன்புறுத்தலையும் சேர்த்துத்தான் தடை செய்கிறது. அடிக்காத வாத்தியார் என்ற பெருமைக்கு அங்கே மதிப்பில்லை. ஆறு மாதம் இன்கிரிமென்ட் நிறுத்தினார்கள், அகவிலைப்படியோடு மாதம் 2,800 என்று கணக்குப் போட்டால் 16,800 ரூபாய். விளக்கக் கடிதம் எழுதித் தர ஒருவரிடம் 5,000 கொடுத்தேன், அது வீண். அவர் எழுதித் தந்தது முழுக்க 'நான் பொறுப்பல்ல' என்ற ராகம், கடைசியில் நானே உட்கார்ந்து நடந்ததை எழுதிக் கொடுத்தேன். பத்து நாள் லீவு போனது. பணத்தைவிட, அரையாண்டுத் தேர்வு வரை வகுப்பில் நின்று பிள்ளைகள் முகத்தைப் பார்த்துப் பாடம் நடத்த முடியாமல் போனதுதான் பெரிய நஷ்டம்.

ஜனவரியில் நான் தொடங்கியது ஒரு படத்திலிருந்து. பள்ளிக்கூடத்தின் வரைபடத்தைக் கையால் வரைந்து 34 நகல் எடுத்தேன், 68 ரூபாய். எங்கே இருக்கப் பயமாக இருக்கிறதோ அங்கே சிவப்புக் கலர் அடி, பெயர் எழுத வேண்டாம் என்றேன். பாத்ரூமுக்குப் பின்பக்கம் சிவப்பு, தண்ணி டாங்க் பக்கம் சிவப்பு, எதிர்பார்த்ததுதான். நான் எதிர்பார்க்காதது, பத்தொன்பது தாளில் எங்கள் வகுப்பறையே சிவப்பு. ஒருத்தி மட்டும் பக்கத்தில் பொடி எழுத்தில் '9.10 - 9.25' என்று குறித்திருந்தாள். என் சாயா நேரம். அன்றோடு அந்தச் சாயா வீட்டிலேயே முடிந்தது. மணி அடிக்கும்போது வகுப்பு வாசலில் நிற்கிறேன், மற்ற எந்தப் பாடத்தையும்விட இதுதான் பலன் கொடுத்தது. இடைவேளை, மதியச் சாப்பாடு, பள்ளி விடும் நேரம், இந்த மூன்றிலும் ஒரு பெரியவர் கண்ணில் படுகிற மாதிரி நிற்பதற்கு ஆசிரியர்கள் முறை வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்டாஃப் மீட்டிங்கில் இதைச் சொன்னபோது மூன்று பேர் ஒத்துக்கொண்டார்கள், மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று பேரை வைத்தே ஓட்டினோம்.

பிள்ளைகள் புகாரை எழுதிப் போடுகிற 'மாணவர் மனசு' பெட்டி எங்கள் பள்ளியிலும் உண்டு. ஹெச்.எம். ரூம் வாசலில், எல்லோரும் பார்க்கிற இடத்தில் தொங்கியது. அங்கே போய்த் தாள் போடுகிறவனை மொத்தப் பள்ளியும் பார்க்கும், அதனால் ஈ கூடப் போகாது. நான் வேறு மாதிரி செய்தேன். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் எல்லோருக்கும் கால் தாள். இரண்டு நிமிஷம் எல்லோரும் பேனாவை ஓட்ட வேண்டும், சொல்ல ஒன்றும் இல்லை என்றால் காலையில் சாப்பிட்டதை எழுது. எல்லோரும் எழுதுவதால் யார் புகார் எழுதுகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. முப்பது தாளில் புட்டும் மரச்சீனியும் ஏத்தன்பழமும்தான் வரும். மீதி நாலு தாளுக்காகத்தான் இந்தப் பாடு. ஆனால் ஒரு எச்சரிக்கை, எழுதியதை அடுத்த வாரத்துக்குள் நாம் கவனித்தோம் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். இல்லையென்றால் மூன்றாவது வாரம் அந்த நாலு பேரும் புட்டு எழுதத் தொடங்கிவிடுவார்கள்.

ஜெபினையும் அம்மாவையும் திருவனந்தபுரம் ஆக்குளத்தில் இருக்கிற நிஷ் நிறுவனத்துக்குக் கூட்டிப் போனேன், பேச்சுக்கும் செவித்திறனுக்குமான தேசிய நிறுவனம். எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சென்னையைவிடத் திருவனந்தபுரம்தானே பக்கம். நாலு தடவை போய் வந்ததில் பஸ், சாப்பாடு, கட்டணம் எல்லாமாக 6,000 ரூபாய் சொச்சம், அதை நான் போட்டேன். பரிகாரம் என்று நினைத்துத்தான் போட்டேன், மறைக்க என்ன இருக்கிறது. வீட்டில் அதுவரை நாக்கில் வசம்பு தேய்த்திருக்கிறார்கள், கூழாங்கல்லை வாயில் போட்டுப் பேசச் சொல்லியிருக்கிறார்கள், நாய் துரத்திப் பயந்ததால் வந்தது என்று நம்பினார்கள். திக்குவாய் பயத்தால் வருவதில்லை, மூளை பேச்சை ஒருங்கிணைக்கும் விதத்திலும் பரம்பரையிலும் அதற்கு வேர் இருக்கிறது, பயம் அதைக் கூட்டும். பெரியவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்கு இருக்கிறது, பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம். அங்கே தெரபிஸ்ட் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "கிளாஸில் அவன் மாட்டிக்கொள்ளும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்பது. 'மெதுவா பேசு', 'மூச்சை இழுத்து விடு' என்று சொல்லக்கூடாது, சொல்லை நாம் முடித்துத் தரக்கூடாது, வேறெங்கோ பார்க்கவும் கூடாது. மற்ற பிள்ளையைக் கேட்பது போலவே முகத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பாடும்போதும் கூட்டமாகச் சேர்ந்து சொல்லும்போதும் பெரும்பாலும் திக்கல் வராது என்றார்கள். அந்த அம்மா கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் அதில் இருந்தது. அதனால் தமிழ் வாசிப்பை இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து வாசிப்பதாக மாற்றினேன், முழு வகுப்புக்கும். அவனுக்கு மட்டும் தனி ஏற்பாடு என்று வைத்தால் அதுவே அடுத்த பட்டப்பெயராகியிருக்கும்.

'பிரசன்ட் சார்' நின்றுபோனது. இப்போது வாசல் பக்கம் ஒரு அட்டையில் எல்லோர் பெயரும் தொங்கும், வந்ததும் அவரவர் பெயரைத் திருப்பிவிட்டு உட்கார வேண்டும். திரும்பாத அட்டை ஆப்சென்ட். எமிஸ் வேலையும் சீக்கிரம் முடிகிறது, இதை ஏன் பத்து வருஷம் முன்னால் செய்யவில்லை என்று தோன்றியது. கரும்பலகைப் பட்டியலை எடுத்துவிட்டேன். லீடர் பதவி வாரத்துக்கு இரண்டு பேர், சுற்றில் வரும், வேலை சாக்பீஸ் கொண்டு வருவதும் ஜன்னல் சாத்துவதும். ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குத் தண்டனை வாங்கித் தரக்கூடிய அதிகாரம் எந்த வடிவத்திலும் கிடையாது. குரூப் வேலைக்கு "நீங்களே சேர்ந்துக்கோங்க" என்பதையும் விட்டுவிட்டேன். அப்படிச் சொல்லும்போதெல்லாம் கடைசியில் நிற்பவன் யார் என்று எல்லோருக்கும் தெரியும். இருக்கை விஷயத்தில் நாங்குநேரிக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் அகரவரிசையில் உட்கார வைக்கச் சொல்லியிருந்தது. சாதியாக, ஊராகச் சேர்ந்து உட்காருவதை உடைக்க நல்ல வழிதான். என் வகுப்பில் அப்படி வைத்தால் ஜெபினும் அந்தப் பழைய லீடரும் பக்கத்துப் பக்கத்தில் வருவார்கள். எங்கள் மாவட்டத்தில் பாதி வகுப்பு 'ஜெ'யில்தானே தொடங்கும். அதனால் நான் சீட்டுக் குலுக்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றினேன். குலுக்கலுக்கு முன்னால் ஒரு பிள்ளைக்கு ஆபத்தான ஜோடி எது என்று பார்த்து அந்த இரண்டு சீட்டையும் நானே தள்ளி வைத்துவிடுவேன், அதை வெளியே சொல்லுவதில்லை.

கேலி செய்தவர்களைத் திட்டித் தீர்க்க முடியாது என்பதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகத்தில் உருவான 'கீவா' என்ற திட்டம் வேடிக்கை பார்க்கிற பிள்ளைகளைத்தான் முக்கியமாகக் குறி வைக்கிறது. எண்ணினது வகுப்பு, சிரித்தது வகுப்பு. அவர்கள் எண்ணாமல் இருந்திருந்தால் லீடர் தனியாக நின்று என்ன செய்திருப்பான்? அதனால் ஒவ்வொருவராகத் தனியாகக் கூப்பிட்டேன். "நீ செய்தியா?" என்று கேட்காமல், "ஜெபின் கஷ்டத்துல இருக்கான், உனக்குத் தெரியும். நாளையிலிருந்து நீ ஒரு காரியம் என்ன செய்ய முடியும்?" என்று கேட்டேன். ஒருவன் "சிரிக்கமாட்டேன் சார்" என்றான். ஒருத்தி "சோறு தின்னும்போ பக்கத்துல இருக்கேன்" என்றாள். சின்னச் சின்னதுதான். ஒரு வாரம் கழித்து, சொன்னதைச் செய்தாயா என்று திரும்பக் கேட்க வேண்டும், அந்த இரண்டாவது சந்திப்பு இல்லாவிட்டால் முதலாவது வீண். லீடரின் அப்பா ஸ்கூலுக்கு வந்து, "சாரே, பிள்ளைகளுக்க விளையாட்டைக் கேஸாக்காதீங்க" என்றார். போகும்போது அவன் தோளில் அடித்த அடியைப் பார்த்தபோது அந்த வீட்டில் ரேங்க் குறைந்தால் என்ன நடக்கும் என்று ஊகிக்க முடிந்தது. அவன்மேல் எனக்கு இரக்கம் வந்ததா என்றால், உடனே வரவில்லை. அவன் தனியாக ஒருநாள் வந்து, "சார், நீங்கதானே அந்தப் பேரு வச்சீங்க" என்றான். ஆமாம் என்றேன். வகுப்பு முன்னால் அதையே சொல்லி, ஜெபினிடம் மன்னிப்புக் கேட்டேன். முன்கூட்டியே அவனைத் தனியாகக் கேட்டுக்கொண்டுதான், அவன் பதில் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டுத்தான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். எட்டாம் வகுப்பிலும் இரண்டு தடவை பஸ்ஸில் அந்தப் பெயரை யாரோ கத்தியிருக்கிறார்கள். வாட்ஸ்ஆப்பில் போன அந்தக் குரலை எத்தனை ஃபோனிலிருந்து அழிக்க முடிந்தது என்று எனக்குத் தெரியாது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐயும் 14417-ஐயும் எல்லோரும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுத வைத்தேன், ஒரு பெற்றோர் "பிள்ளைகளுக்கு வாத்தியாருமார்மேல கேஸ் போடச் சொல்லிக் குடுக்கீங்களா" என்று சண்டைக்கு வந்தார். ஆண்டு விழாவுக்கு ஜெபினைத் தனியாகப் பாட வைக்கலாமே, எல்லோர் வாயையும் அடைக்கலாமே என்று ஒரு டீச்சர் ஆசைப்பட்டார். அவனைக் கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தான். விட்டுவிட்டேன். அவன் வாயை நாங்கள் மேடையேற்றிப் பார்க்க வேண்டிய அவசியம் என்ன?

2025 மே மாதம் டி.சி. வாங்க அம்மாவோடு வந்தான். ஒன்பதாம் வகுப்புக்குக் கடற்கரைப் பக்கமே ஒரு பள்ளியில் சேருகிறான், அப்பா தங்கல் தொழிலை விட்டுக் கரைப் பக்கமாக வள்ளத்தில் போகத் தொடங்கியிருந்தார். ஆபீஸ் ரூமில் கிளார்க் லெட்ஜரைப் புரட்டியபடி, "பேரு சொல்லு மக்கா" என்றார். ஜெபின் வாயைத் திறந்தான். உதடு ஒட்டியது. நான் கிளார்க்குக்குச் சைகை காட்டுவதற்குள் அவர், "ஜெபின் தானே, தெரியும், தெரியும்" என்று எழுதத் தொடங்கிவிட்டார். ஜெபின் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவர் இனிஷியல் வரைக்கும் எழுதி முடித்து, அடுத்த கட்டத்துக்குப் போன பிறகு, இனிஷியலோடு தன் முழுப்பெயரையும் சொல்லி முடித்தான்.